படத்தைப் படம் எடுத்த நாள்

ஏரி வேலைக்கு வருகிறவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் என்று காகிதத்தில் பெரிய பட்டம். ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொன்னது கிடையாது. "போட்டோ புடிக்கிற பொண்ணு வந்துட்டாடி, எழுந்து நில்லுங்க" என்பார்கள். எனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் போய் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் கற்று, கடைசியில் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தவளுக்குக் கையில் ஒரு அதிகாரம் கிடைத்தால் விடுவேனா? முக்காட்டை எடு, முகத்தைக் காட்டு, வெட்டிக் கதை போதும் என்று என்னைவிட இருபது வயது மூத்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஆப்பில் ஒரு படம். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைக்கு அவர்கள் வேலைக்கு வந்ததாக ஆகும். ஒன்றில் இல்லையென்றாலும் அந்த நாள் போச்சு. ஆனால் பெண்கள் தங்கள் அளவு மண்ணை வெட்டி முடித்ததும் மாட்டைப் பார்க்க, சோறாக்க என்று ஒவ்வொருத்தியாகக் கரையேறிவிடுவார்கள். அதற்கு எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவள் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். காலைப் படத்தை என் சொந்த போனிலும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் அந்தப் போனை ஒரு கையில் பிடித்து, அதன் திரையில் தெரியும் படத்தை வேலைக்குக் கொடுத்த போனால் படம் எடுக்க வேண்டும். பத்துப் பேரும் வரிசையில் நிற்பார்கள், நேரம் மட்டும் மத்தியானத்தைக் காட்டும். இதில் பெரிய தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உடம்பு முடியாதவளுக்கு ஒரு உபகாரம் என்றுதான் நினைத்தேன்.

என் கூடப் பிறந்த அக்காவும் அந்த வரிசையில் நிற்பவள்தான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே என்னையும் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு வீடு. அக்காவின் புருஷனுக்கு இரண்டு ஏக்கர் நெல் நிலம், ஒரு ஜோடி கறவை மாடு. பிள்ளை படித்துவிட்டு வெளியூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அக்கா பேசுவது கொஞ்சம், வேலை செய்வது நிறைய. எனக்கு நேரெதிர். எங்கள் வீட்டில் வாயை எனக்கும் கையை அவளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மாமா கிண்டல் பண்ணுவார்.

அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. ஊருக்கு வந்த முகாமில் பார்த்து, மாதா மாதம் மாத்திரை கொடுத்தார்கள். தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள்வாள். மிச்சம் எல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால் அட்டை அட்டையாக இருந்தது. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன். "நல்லாத்தானே கீறேன், எதுக்குடி மாத்திர" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அவ்வளவுதான் என் அக்கறை.

அன்று பங்குனி வெயில் காலையிலேயே அடித்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் தூர் எடுக்கிற வேலை. எட்டு ஐம்பதுக்கு எல்லோரையும் நிறுத்தினேன். அக்கா இடது ஓரத்தில் நின்றாள். திரையில் பார்க்கும்போது அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பின மாதிரி இருந்தது. வெற்றிலை அடக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். "வாயில இருக்கறத துப்பிட்டு நில்லுக்கா, ஆப்ல மூஞ்சி விழணும்" என்று கத்தினேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துப்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அக்கா என்பதால் சொல் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று. அப்படியே எடுத்தேன். என் போனிலும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பத்தேகால் இருக்கும். மண் அள்ளிய கூடையை அவள் தலைக்குத் தூக்கும்போது அது வலது கையிலிருந்து நழுவிக் காலடியில் கொட்டியது. இரண்டாம் தடவையும் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காலையில் எடுத்த படம் ஆப்பில் ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்ததால் டவர் தேடிக் கரைமேல் நின்றிருந்தேன். அங்கிருந்தே என்ன என்று கேட்டேன்.

"கையி மரத்துப் போனாப்பல கீதுடி" என்றாள். வார்த்தை கொஞ்சம் குழறிய மாதிரி இருந்தது. வெயிலில் நாக்கு வறண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன்.

"நாஷ்டா துன்னியா?"

அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சரி, வூட்டுக்குப் போய்ப் படு. போட்டோவ நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் கரையோரமாக நடக்க ஆரம்பித்தாள். நான் படத்தை ஏற்றுவதில் முனைந்தேன். இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் பக்கவாதத்துக்கு என்று ஒரு படம் ஒட்டியிருக்கிறது. முகம் கோணுதா, கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஊசி போடக் காத்திருந்த ஒரு நாள், படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு அதை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றும் அன்று காலை என் எதிரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதில் ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டாம் படம். மிச்சம் இருந்தவர்களைத் திரும்ப நிறுத்தினால் ஒரு தலை குறையும், அக்காவுக்கு அந்த நாள் போய்விடும். அதனால் என் போனைத் திறந்து காலைப் படத்தை வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே ஏறிவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

வேலையை முடித்துக்கொண்டு, அக்கா விட்டுவிட்டுப் போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மணி ஒன்றே முக்கால். வாசல் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், சத்தம் இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போகும் வழியில் சுவரில் சாய்ந்தபடி அரைகுறையாகச் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மறு ஓரத்தில் எச்சில் வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. வலது கை அவளுடையது இல்லை என்பதுபோல உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. புடவையெல்லாம் மண்.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "அக்கா, இன்னாக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினேன். அவளுக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. அவளை ஒருக்களித்துத் தள்ளி முதுகில் தட்டியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருந்த படம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது, வரிக்கு வரி.

நூற்றியெட்டுக்குப் போன் பண்ணினேன். பக்கத்து வீட்டுப் பெண் கழனிக்கு ஓடி, மருந்து அடித்துக்கொண்டிருந்த மாமாவைக் கூட்டிவந்தாள். அதற்குள் வாசலில் கூட்டம். வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். புறா ரத்தம் தேய்த்தால் இறங்கிவிடும், எனக்கு ஆளைத் தெரியும் என்று இன்னொருவர் வண்டியையே எடுத்துவிட்டார். மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் தொடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டியை எடுத்தவர் அணைத்துவிட்டார். என் வாய் அன்றைக்கு உருப்படியாக ஒரு வேலை செய்தது அது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்றேகால் ஆகிவிட்டது. ஆம்புலன்ஸில் இருந்தவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார் போல, இறக்கின உடனே ஸ்ட்ரெச்சரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். பின்னாலேயே ஓடிவந்த எங்களிடம் ஓடிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா இவங்க நல்லா இருந்தத யார் பார்த்தீங்க? எத்தன மணிக்கு?"

மாமா பட்டென்று சொன்னார். "மத்தியானம் ஒரு மணிக்குக்கூட ஏரி வேலைல நின்னுக்கினு இருந்தாம்மா. போட்டோவே கீது. இதோ, இவதான் எடுத்தா."

அவர் பொய் சொல்லவில்லை. வழியில் அவருக்கு ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணியிருந்தார். அவர் மனைவியும் அதே வரிசையில் நிற்பவள், அவளுக்கு அந்த நாள் ஏறியதா என்று ஆன்லைனில் படத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். மத்தியானப் படத்தில்கூட உங்க வூட்டம்மா இருந்தாங்களே என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அது போதும். என்னைத் திரும்பிப் பார்த்து, "காட்டும்மா" என்றார்.

நான் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் கை தானாக வேலைக்குக் கொடுத்த போனைத் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எப்போதுமே நாங்கள் நேரத்தைக் குறைத்துத்தான் சொல்வோம். நாலு நாள் காய்ச்சல் என்றால் நேற்றிலிருந்து என்போம், ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள் என்று திட்டக் கூடாதே என்று. அந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. டாக்டர் படத்தின் அடியில் இருந்த நேரத்தை மட்டும் பார்த்தாள். ஒன்று ஐந்து. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "டைம் இருக்கு" என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

ஸ்கேன் முடிந்தது. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றாள். பிறகு மாமாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். மூளைக்குப் போற ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது. அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது. ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் போட்டால் கை காலும் பேச்சும் திரும்பிவர நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். "உங்களுக்கு ரெண்டே கால் மணி நேரந்தான் ஆகியிருக்கு. அதனால போடலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்று ஐந்துக்கு அக்கா அங்கே இல்லை. அந்த நேரத்தை எழுதினது நான். பத்தேகாலுக்கே அவள் கையிலிருந்து கூடை விழுந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் எடையைப் பார்த்தார்கள், அதற்குத் தகுந்த மாதிரி மருந்து எடுக்க வேண்டுமாம்.

மனசு என்னென்ன யோசித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம்தானே தாண்டியிருக்கிறது, போட்டால் பிழைத்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். சொன்னால் ஊசி கிடைக்காதே, அக்கா இப்படியே கிடந்துவிடுவாளே என்று நினைத்தேன். சொன்னால் என் வேலை போய்விடும் என்பதையும் நினைத்தேன். என் அக்கா அங்கே அப்படிக் கிடக்கும்போது அந்த யோசனையும் வந்ததே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நர்ஸ் கையில் மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"போடாதீங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அது பொய் போட்டோ மேடம். படத்தத்தான் படம் எடுத்தேன். அவங்க பத்தேகாலுக்கே கை வரலன்னு வூட்டுக்குப் போயிட்டாங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையை மட்டும் நீட்டினாள். என் சொந்தப் போனில் இருந்த காலைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு விரலால் அதைப் பெரிசாக்கினாள். மற்ற ஒன்பது பேரும் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். அக்காவின் முகம் மட்டும் திரை முழுக்க நின்றது.

"இது எத்தன மணிக்கு எடுத்தது?"

"எட்டு அம்பது."

"இதுலயே வாய் கோணி இருக்கும்மா. பாருங்க. கையும் தொங்குது."

பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் தொங்கி, மறு ஓரம் மேலே ஏறியிருந்தது. வெற்றிலை என்று நான் நினைத்த கன்னம் அது. கூடையை இடது கையில் பிடித்திருந்தாள், அவள் பீச்சாங்கைக்காரி இல்லை. இந்த முகத்தை நான் காலையில் நேரில் பார்த்தேன், ஆப்பில் பார்த்தேன், என் போனில் எடுத்தேன், மத்தியானம் அதையே மறுபடி படம் எடுத்தேன், சற்றுமுன் டாக்டரிடமும் காட்டினேன். ஐந்து தடவை. அவளைத் துப்பச் சொல்லிக் கத்தியதும் நான்தான். அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன், யாரோ என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

ஊசி போடவில்லை. கம்பி விட்டு அடைப்பை எடுக்க முடியுமா என்று இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சின்னக் குழாய், முடியாது என்றார்கள். வேறு மருந்துகள் ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு டாக்டர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னாள், உங்க மச்சினிச்சி சொல்லாம இருந்திருந்தா உயிரே போயிருக்கலாம் என்று. அவர் தலையை ஆட்டினார். டாக்டர் போன பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கையில எடுத்துக்கினு வந்துட்டாங்க மருந்த. நீ சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

நான் செய்த தப்பில் அவருக்குக் கோபம் இல்லை. நான் சொன்ன உண்மையில்தான் கோபம். படத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அன்றிலிருந்து பல மாதம் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. காபி வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முதல் நாள் வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. மறுநாள் நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாளா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். நான் சொம்போடு ஊற்றினதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிசியோதெரபி பார்க்கிற பையன் இரண்டாம் நாளே வந்து அக்காவை உட்காரவைத்துவிட்டான். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் கழன்றுவிடும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னான். அதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கற்றுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் அக்காவுக்கு ஒரு வார்த்தை வந்தது. "நாளைக்கு." நாங்கள் அழுதுவிட்டோம். அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது, வந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று. பசிக்குதா என்றால் நாளைக்கு. உன் பேர் என்ன என்றால் நாளைக்கு. வலிக்குதா என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வழிய, நாளைக்கு. அவளுக்கே தெரியும் அது தப்பு என்று. சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள், வரும் கையால். புத்தி எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது, வார்த்தை எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அவள் எல்லாம் புரிந்துகொண்டு இப்படிக் கிடக்கிறாளே என்று வயிறு எரிவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு வேலை அக்காதான். காலையில் என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனால் இருட்டுகிற வரைக்கும் அங்கேதான்.

மாமா சவுக்குக் கம்பு வாங்கிவந்து, கொல்லையில் இரண்டு வரிசையாக இடுப்பு உயரத்துக்குக் கட்டினார். அதன் நடுவில் அக்கா பிடித்துக்கொண்டு நடப்பாள். ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பார்த்துக் கண்ணளவிலேயே கட்டினது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்லா யாரும் கட்டமாட்டாங்க என்றாள். முதல் மாதம் நாலு எட்டு வைத்தாள். அப்புறம் ஒரு நீளம். ஆடி மாதம் போய் ஆவணி வந்தபோது கம்பைப் பிடிக்காமல் மாடு வரைக்கும் போய் வந்தாள், காலை வட்டமாக வீசி வீசி. கைதான் மோசம். மல்லாட்டைக் கடலையை ஒரு தட்டில் இருந்து இன்னொரு தட்டுக்கு எடுத்துப் போடச் சொன்னால், ஒன்று எடுக்க வியர்த்துவிடும். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடுவதில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் நான்தான் கூட்டி அள்ளினேன், அந்த அட்டைகளில் பாதி காலாவதியாகியிருந்தது.

பேச்சு சொட்டுச் சொட்டாக வந்தது. மாடு, சோறு, வெயில், போ. ஐப்பசி மழையில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாள். நீளமாக எதாவது சொன்னால் உடனே எல்லோரும் பாராட்டணும், அப்பத்தான் தைரியமாக அடுத்ததைச் சொல்வாங்க என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவைத்திருந்தாள். மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அக்கா மூன்று வார்த்தை சொன்னாலே எங்கே இருந்தாலும் கை தட்டிவிடுவார். அந்த வீட்டில் நாளெல்லாம் கைதட்டல் கேட்கும்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். கொல்லையில் கட்டிலைப் போட்டு, அக்காவின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தேன். மாமா கொஞ்சம் தள்ளி வைக்கோலை இழுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்லத் தயார் பண்ணுகிறாள் என்று தெரிந்தது. அவள் ஒரு வார்த்தையைத் தேடும்போது புருவம் நெரியும். நான் அவசரப்படுத்தவில்லை. இந்த எட்டு மாதத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல பழக்கம் அது.

"அன்னிக்கி" என்றாள். நிறுத்தினாள். "கரைமேல... வுழுந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எப்பக்கா?"

"நீ... போ சொன்ன இல்ல. நடந்தேன். காலு வரல. வுழுந்துட்டேன். உன்ன கூப்ட்டேன்." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "சத்தம் வரல. நீ அங்க... போன தூக்கிப் புடிச்சிக்கினு நின்ன. நான் பாத்துக்கினே இருந்தேன். நீ திரும்பல."

ஒரே மூச்சில் அவ்வளவு பேச்சு அதுவரை அவள் பேசியதே இல்லை. வைக்கோல் பக்கத்தில் இருந்து மாமா கை தட்டினார். வார்த்தைகள் அவர் காதில் சரியாக விழவில்லை, நீளம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, கையில் ஒட்டியிருந்த வைக்கோல் பறக்கப் பறக்கத் தட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியாம்மா? எவ்ளோ பேசறா பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். எட்டு மாதத்துக்கப்புறம் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான். அக்காவும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குத் தட்டக் கை எழவில்லை. அவள் புடவையில் அன்று ஏன் அவ்வளவு மண், தட்டுத் தடுமாறி எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கரை முழுக்கத் தெரியும். தலையைத் திருப்பியிருந்தால் போதும்.

"எத்தன தடவக்கா கூப்ட்ட?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். எண்கள் அவளுக்கு இன்னும் வாயில் வராது. அதனால் தன் வலது கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலை அவள் தொடும்போது நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.